சொல் அடங்கிய இடத்து நகை
(ஜாக் தாத்தியின் ‘திருவாளர் ஊலோவின் விடுமுறை’)

மேடையிலும் திரையிலும் நகைச்சுவை என்றவுடன் உரையாடலையே எண்ணுதல் பெருவழக்காகிவிட்டது. ஒருவர் வினவ மற்றவர் பிறழ விடையிறுத்தல், சிலேடை, கொச்சை மொழி, உரத்த குரல் என்பவற்றை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்கும் நகை மிகச் சிறிதே எனக் கருதுவார் பலர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு 1953ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களிற் பிரான்சில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று சான்றாக உள்ளது. ‘திருவாளர் ஊலோவின் விடுமுறை’ என்பது அதன் பெயர். அதனை இயக்கியவரும், திரைக்கதை அமைத்தோருள் ஒருவரும், தலைமைப் பாத்திரமாக நடித்தவரும் ஜாக் தாத்தி என்பவரே.

கதை என்று சொல்லத்தக்கது இப்படத்தில் இல்லை. கோடை காலத்திற் கடற்கரை விடுதியொன்றுக்குச் சிலர் வருகின்றனர், சில நாள் தங்குகின்றனர், திரும்பிச் செல்கின்றனர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் படத்தில் ஊலோ விளங்கக் கூறுவது தம் பெயரையன்றி வேறு மிகக் குறைவு. அப்பெயரும் முதலில் விளங்கவில்லை. என்னை? வாயிற் சுங்கானைக் கௌவியவாறே அவர் அதனைக் கூறுகின்றார். விடுதிக்காரர் கை நீட்டிச் சுங்கானை அவர் வாயினின்றும் எடுத்த பின்னரே ‘ஊலோ’ என்னும் ஒலி தெளிவாக வெளிப்படுகின்றது. பெயர் பதிந்தவுடன் சுங்கான் மீண்டும் வாய்க்குச் செல்கின்றது. படம் சொல்லுக்கு அளித்துள்ள இடம் எத்துணையது என்பதை இச்சிறு நிகழ்ச்சியே காட்டிவிடுகின்றது.

தாத்தி 1907ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள் பாரிசை அடுத்த லெ பெக் என்னும் ஊரிற் பிறந்தவர். தாத்திசெவ் என்பது குடும்பப் பெயர். தந்தைவழிப் பாட்டனார் உருசியர். தந்தையார் படங்களுக்குச் சட்டம் அமைக்கும் தொழில் நடத்தினார். மைந்தரும் அத்தொழிலிற் பயிற்சி பெற்றவரே. ஆயின் அவர் மனம் றக்பி விளையாட்டிலும், விளையாட்டு முடிந்த பின்னர் நண்பர் நடுவே வீரர்களைப் போல நடித்துக் காட்டுவதிலுமே சென்றது. 1930களில் அந்நடிப்பே தொழிலாயிற்று. பந்துகாப்போன், குத்துச்சண்டைக்காரன், ரென்னிஸ் ஆடுவோன், குதிரையும் அதன்மேல் அமர்ந்தோனும் ஆகிய அனைவரையும் சொல்லின்றி, கருவியின்றி, தம் ஆறடிக்கு மேற்பட்ட உடல் ஒன்றினாலேயே மேடையிற் கொண்டுவந்து நிறுத்தினார். 1949இல் வெளிவந்த அவரது முதல் நெடும்படமாகிய ‘திருநாள்’ ஒரு நாட்டுப்புறத் தபாற்காரனைப் பற்றியது. ஊலோவின் படம் இரண்டாவது. வெளிவந்த ஆண்டிலேயே பிரான்சின் லூயி தெலுக் பரிசு அதற்குக் கிடைத்தது. அமெரிக்காவின் ஒஸ்கார் பரிசுக்கும் அதன் திரைக்கதை பின்னர் முன்மொழியப்பெற்றது. ஏறக்குறையப் பேச்சே இல்லாத ஒரு படத்தின் எழுத்து அப்பரிசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டமை நினைத்தற்குரியது.

இதனை ஊமைப்படக் காலத்தின் எச்சம் என்று கூறுவோர் உளர். அவ்வாறு கூறுதல் மேலோட்டமான நோக்கு என்க. ஊமைப்படம் ஒலி இல்லாமையாற் சொல்லை இழந்தது. தாத்தியின் படமோ ஒலியால் நிறைந்தது. சொல்லை மட்டும் அதன் அரியணையினின்றும் இறக்கிவிட்டது. காட்சிகளைப் படம் பிடித்த பின்னரே ஒலிகளைத் தனித்தனியே உண்டாக்கி, எது உரத்து ஒலிக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று அளந்து சேர்த்திருக்கின்றார் அவர். அவ்வளவையில், மாந்தர் பேச்சு அலையோசைக்கும் சிறுவர் கூச்சலுக்கும் ஒப்ப ஓர் ஓசையாகி விடுகின்றது. பிரெஞ்சும் ஆங்கிலமும் பிறவும் கலந்து செவியில் விழுகின்றன. பிரெஞ்சு மொழி அறியாதவன் இப்படத்திற் பெரிதாக எதனையும் இழப்பதில்லை.

தொடக்கத்தில் வரும் புகையிரத நிலையக் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விடுமுறைக் கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு மேடையில் நிற்கின்றது. ஒலிபெருக்கி ஏதோ அறிவிக்கின்றது. கரகரப்பும் உறுமலுமன்றி ஒரு சொல்லேனும் புலப்படவில்லை. ஆயினும் கூட்டம் அதனை அசரீரி வாக்காகக் கொண்டு சுரங்கப் படிகளில் இறங்கி அடுத்த மேடைக்கு ஓடுகின்றது. மீண்டும் உறுமல், மீண்டும் ஓட்டம். புகையிரதம் வேறொரு மேடையில் வந்து நிற்கின்றது. இங்கே எவரும் வேடிக்கையாக எதனையும் செய்யவில்லை. ஒலிபெருக்கிக்குக் கீழ் நின்ற எவரும் ஒருகாற் செய்திருக்கக்கூடியதையே அவர்களும் செய்கின்றனர். தூரத்தினின்றும் முழுக் கூட்டத்தையும் ஒரே சட்டத்துள் அடக்கிக் காட்டியதே இயக்குநர் செய்த வேலை.

விடுதியின் உணவுக்கூடத்துக் கதவும் அத்தகையதே. அது திறந்து மூடும் ஒவ்வொரு முறையும், பெரிய நரம்புக் கருவியொன்றின் தந்தியை விரலாற் சுண்டியது போன்ற ஓர் ஒலி எழுகின்றது. முதன்முறை கேட்போன் அதனைக் கவனிப்பதில்லை. ஐந்தாம் முறை புன்முறுவல் கொள்கின்றான். அதன்பின்னர் அது எப்போது எழும் என்று காத்திருக்கத் தொடங்குகின்றான். ஒலியே ஒரு பாத்திரமாகி விடுகின்றது. இன்னோரிடத்தில் ஊலோ மேசைப்பந்து ஆடுகின்றார். ஆட்டம் காட்டப்படுவதில்லை, பந்தின் ஓசை மட்டும் அடுத்த அறையினின்றும் கேட்கின்றது. காணப்படுவது கூடத்தில் அமைதியாகச் சீட்டாடுவோரையே. பந்தைத் தேடி வந்த ஊலோ, வழியை மறைத்த நாற்காலியை அமர்ந்திருப்பவரோடு சற்றே திருப்பிவிட்டுப் போகின்றார். திரும்பியதை அறியாதவர் தம் சீட்டைப் பக்கத்து மேசையில் வைக்கின்றார். இரு மேசைகளிலும் பூசல் மூளுகின்றது. பூசலுக்குக் காரணமானவர் அப்போது அங்கு இல்லை. அவர் பந்தோடு சென்றுவிட்டார்.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் அந்திரே பசான் 1953இலேயே இப்படத்தின் ஒலியமைப்பையும் அதிற் காலம் நகரும் முறையையும் தனிக் கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். திரைப்பட ஆராய்ச்சியாளர் இன்றும் அக்கட்டுரையை எடுத்தாளுகின்றனர்.

ஊலோ எத்தகையவர்? உயர்ந்த உருவம், கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும் காற்சட்டை, சுங்கான், தொப்பி. காற்றை எதிர்த்து நடப்பவர் போல முன்னே சாய்ந்த நடை. எவரையும் காணுமுன் வணங்க ஆயத்தமாக இருக்கும் பணிவு. இப்பணிவே துன்பம் அனைத்துக்கும் மூலம். விடுதிக்குள் நுழையும்போது அவர் கதவைத் திறந்து வைத்துவிட, கடற்காற்று உள்ளே புகுந்து செய்தித்தாள்களைப் பறக்கச் செய்கின்றது. கோப்பையில் வார்க்கும் தேநீர் கோப்பைக்கு வெளியே வளைந்து வீழ்கின்றது. அவரோ தலை வணங்கிக்கொண்டு நிற்கின்றார்.

சாப்ளினுக்கும் ஊலோவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கின்றது. இடுகாட்டுக் காட்சி அதனை நன்கு விளக்கும். ஊலோவின் பழைய சிறு கார் இடுகாட்டு வாயிலிற் பழுதுபட்டு நிற்கின்றது. மாற்றுச் சக்கரத்தைத் தேடுகையில் உட்குழாய் நிலத்தில் விழுந்து உருள, ஈர இலைகள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அங்கு நின்ற சடங்கு அலுவலர் அதனை மலர்வளையம் என்று கருதி மரியாதையோடு பெற்றுக்கொள்கின்றார். வளையம் காற்று இறங்கிச் சீறுகின்றது. ஊலோ துக்கம் கொண்டாடுவோர் வரிசையில் நிறுத்தப்பட்டு, வந்தோர் கைகளையெல்லாம் பற்றுகின்றார். சாப்ளினாக இருந்தால் அவர் தாமே அவ்விலைகளை ஒட்டிவைத்து இக்கட்டினின்றும் தப்பியிருப்பார் என்றும், ஊலோ அவ்வாறு செய்பவரல்லர் என்றும் தாத்தி தாமே இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளார். சாப்ளினின் நாடோடி உலகை ஏமாற்றுகின்றான். அவன் அறிவைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். ஊலோவுக்கு அறிவு காட்டும் நோக்கமே இல்லை. இலை ஒட்டியதும் தற்செயல்; அலுவலர் மயங்கியதும் தற்செயல்; மறுத்துச் சொல்வது நாகரிகமன்று என்று எண்ணியது ஒன்றே ஊலோ செய்தது.

இன்னும் ஒன்று. இப்படத்தின் நகையெல்லாம் ஊலோவுக்கே உரியதன்று. சிறுவன் ஒருவன் கைக்கொன்றாக இரு ஐஸ்கிறீம்களை ஏந்திப் படியேறி வருகின்றான். கதவின் பிடியைத் திருகினாலன்றி உள்ளே செல்ல முடியாது. ஐஸ்கிறீம் ஏந்திய கையாலேயே திருகுகின்றான்; ஐஸ்கிறீமும் கையோடு சாய்கின்றது. விழுந்துவிட்டது என்றே காண்போர் எண்ணுவர். விழவில்லை. உள்ளே சென்று ஒன்றைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு அருகமர்ந்து சுவைக்கின்றான். அவ்வளவே காட்சி. வேறோர் இயக்குநர் அதனை வீழ்த்தியிருப்பார். சிரிப்பும் எளிதாகக் கிடைத்திருக்கும். விழாமையாற் பிறக்கும் இவ்வகை மகிழ்ச்சி திரையில் அரிதினும் அரிது. உணவுக்கூடத்தில் இறைச்சி அரிவோர், உள்ளே வரும் விருந்தினரின் பருமனை நோக்கித் துண்டின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் அரிவதையும் இதனோடு சேர்த்துச் சொல்லலாம். அண்மைக் காட்சியாகக் காட்டி ‘இதனைப் பார்’ என்று இயக்குநர் சுட்டுவதில்லை. பரந்த சட்டத்தின் ஒரு மூலையில் அது நிகழ்கின்றது. கண்டவர் நகைக்கின்றார், காணாதவர் மறுமுறை காணலாம்.

படம் பிடிக்கப்பட்ட இடத்தையும் காலத்தையும் நோக்கினால் இவ்வெளிய காட்சிகளுக்கு ஒரு கனம் சேர்கின்றது. பிரான்சில் ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை தொழிலாளர் அனைவர்க்கும் சட்டப்படி உரிமையானது 1936ஆம் ஆண்டு யூன் திங்களிலேயாம். லியோன் புளூம் தலைமையிலான அரசு அவ்வுரிமையை வழங்கியது; அளவு இரு வாரம். புகையிரதக் கட்டணமும் அவர்களுக்குக் குறைக்கப்பட்டது. அக்கோடையிலும் அடுத்த கோடைகளிலும் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டோர் பலர். பின்னர் 1939இற் போர் மூண்டது. கடற்கரைகள் முட்கம்பியும் கண்ணிவெடியுமாயின. படம் எடுக்கப்பட்ட சென் மார்க் சூர் மேர் என்னும் சிற்றூர், சென் நசேர் என்னும் துறைமுக நகரைச் சார்ந்தது. செருமானியரின் நீர்மூழ்கித் தளம் அங்கிருந்தமையால் நேச நாட்டு விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசிப் பெரும்பாலும் தரைமட்டமாக்கின. செருமனி சரணடைந்த பின்னரும், 1945 மே 11ஆம் நாள்வரை, அப்பகுதி செருமானியப் படையிடமே இருந்தது. தாத்தி 1951இற் படப்பிடிப்புத் தொடங்கியபோது நகரம் இன்னும் மீளக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

இடிபாட்டின் ஒரு கல்லும் படத்தில் இல்லை. விடுதியும் மணலும் கடலும் வெயிலுமே உள. இதனை மறதி என்று குறைகூறுதல் தகுமா? படத்தின் மாந்தர் தொழிலாளர் அல்லர். பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர். அவர்கள் இழந்து பெற்ற விடுமுறையை எவ்வாறு கழிக்கின்றனர் என்று பார்த்தால் விடை தானே கிடைக்கும். வணிகர் ஒருவர் நொடிக்கொருமுறை தொலைபேசிக்கு அழைக்கப்பட்டு ஓடுகின்றார். கடலுள் நிற்கும் நேரத்தினும் அழைப்பை எதிர்பார்த்து நிற்கும் நேரமே அவருக்கு மிகுதி. ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவர் வனபோசனத்துக்குச் செல்வதையும் போர்முனைக்குச் செல்வதாகவே எண்ணிக் கட்டளையிடுகின்றார். அரசியற் கொள்கை நிரம்பிய இளைஞர் ஒருவர் அழகிய மங்கையின் அருகில் அமர்ந்தும் கொள்கையையே ஓதுகின்றார். மாலையில் வானொலியில் அரசியலாளர் உரை; அனைவரும் அதனைச் சூழ்கின்றனர். வேலையையும் போரையும் அரசியலையும் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தவர்களே இவர்கள். அவர்கள் பேசுவதெல்லாம் ஓசையாகவே கேட்கப்படுவதன் காரணம் இப்போது விளங்கும்.

உண்மையாக விடுமுறை கழிப்பவர் ஊலோ ஒருவரே. அவருக்குக் கொள்கை இல்லை, அழைப்பு இல்லை. கடற்கரையிற் சிறு வள்ளமொன்றுக்கு வண்ணம் பூசுகின்றார். வண்ணக் குவளையை அலை கொண்டுபோய், அவர் தூரிகையை நீட்டும் நேரத்திற் சரியாக மறுபுறம் கொண்டுவந்து வைக்கின்றது. வண்டிக் கொக்கியில் தொங்கும் பாகு மிட்டாய் இளகி இழிந்து மண்ணைத் தொடப்போகும் ஒவ்வொரு முறையும் அவர் மனம் பதைக்கின்றது; விற்பவன் கவனிக்கவில்லை, ஆகவே அவர் பாய்ந்து தாங்குகின்றார். ரென்னிஸ் மட்டை விற்ற பெண் கடையில் எவ்வாறு கையை அசைத்துக் காட்டினாளோ அவ்வாறே முன்னும் பின்னும் அசைத்து அடித்து, நாள்தோறும் ஆடுவோரையெல்லாம் தோற்கடிக்கின்றார். ஆங்கிலேய மாது ஒருவர் அதனைக் கண்டு குதூகலிக்கின்றார். மற்றையோர் சினக்கின்றனர்.

தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாக வகுத்த நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். இளமையும் பேதைமையும் மடனும் பின்னே வரும். நகைச்சுவைப் படங்களிற் பெரும்பாலானவை முதலாவதையே நம்பி வாழ்வன. இப்படத்தில் எள்ளல் உண்டு. ஆயின் அது மென்மையானது, எவரையும் புண்படுத்தாதது. பேதைமையும் இளமையுமே அதன் உயிர். அதனாற்போலும் சிறுவரும் ஊலோவும் எளிதில் ஒன்றுபடுகின்றனர்.

வேடமணிந்து ஆடும் இரவு படத்தின் உச்சம் எனலாம். அறிவிப்பைக் கண்டு வேடமிட்டு வந்தோர் சிலரே: கடற்கொள்ளையன் வேடத்தில் ஊலோ, மார்த்தீன் என்னும் இளமங்கை, சில சிறுவர். ஏனையோர் பக்கத்துக் கூடத்தில் வானொலி உரையில் ஆழ்ந்துள்ளனர். கிறாமபோன் இசையை உரக்க வைத்துவிட்டு ஊலோ மார்த்தீனோடு ஆடுகின்றார். ஒரு சொல்லும் பரிமாறப்படுவதில்லை. ஆடல் முடிகின்றது, அதற்கு அப்பால் அவ்வுறவு வளர்வதுமில்லை. இதனைக் காதற் காட்சி என்று சொல்லலாமோ, கூடாதோ. அலென் றோமான் அமைத்த இன்னிசை மட்டும் படம் முடிந்து நெடுநேரம் செவியில் நிற்கின்றது.

புறப்படும் நாளிற் படத்தின் நகை திடீரென அடங்குகின்றது. விருந்தினர் ஒருவர்க்கொருவர் முகவரி தருகின்றனர். அடுத்த ஆண்டும் சந்திப்போம் என்கின்றனர். ஊலோ விடைபெற வருகின்றார். எவரும் முகங்கொடுக்கவில்லை. அவர் மெல்ல விலகிச் சென்று மணலிற் சிறுவர் நடுவே அமர்கின்றார். முகமலர்ந்து அவரிடம் விடைபெறுவோர் இருவரே. ஒருவர் அவ்வாங்கிலேய மாது. மற்றவர், நாள்தோறும் மனைவியின் பின்னே சில அடி தள்ளி மௌனமாக உலாவிய முதியவர். மனைவி பொறுக்கித் தந்த அழகிய சிப்பிகளை அவள் அறியாது கடலில் எறிந்தவர் அவர். விடுமுறை முழுவதும் அவர் ஊலோவைக் கவனித்திருக்கின்றார், கண்டு மகிழ்ந்திருக்கின்றார். அதனை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. படத்தைக் காண்போன் எந்த இடத்தில் அமர்ந்து அதனைக் கண்டானோ, அவ்விடத்திலேயே இம்முதியவரும் இருந்தார் என்பது இப்போதுதான் புலனாகின்றது.

குறைகளும் இல்லாமலில்லை. இடைப்பகுதியிற் சில காட்சிகள் தேவைக்கு மேல் நீளுகின்றன. இறுதிக்குச் சற்று முன், வாணங்கள் வைத்த குடிசையில் ஊலோ அறியாது தீ மூட்டிவிட, இரவெல்லாம் வாணங்கள் வெடிக்கும் பகுதி ஆரவாரம் மிக்கது; படத்தின் அடங்கிய இயல்புக்கு அது ஒவ்வாது. மிஸ்ரர் பீனைக் கண்டு பழகியோர்க்கு முதற் பார்வையில் இப்படம் வேகம் குறைந்ததாகவும் தோன்றலாம். றொவான் அற்கின்சன் தம் பாத்திரத்துக்கு ஊலோ தூண்டுதல் என்று வெளிப்படையாகக் கூறியவர்; ஆயின் பீனிடம் உள்ள தன்னலமும் குறும்பும் ஊலோவிடம் இல்லை.

மாணவர்க்கு இதனைக் காட்ட விரும்பும் ஆசிரியர் ஒன்று செய்து பார்க்கலாம். புகையிரத நிலையக் காட்சியை முதலில் ஒலியை நிறுத்திக் காட்டி, பின்னர் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்பித்து, மூன்றாவதாக இரண்டையும் சேர்த்துக் காட்டினால், நகை எந்த இணைப்பிற் பிறக்கின்றது என்பதை நெடிய விரிவுரையின்றி அவர்களே கண்டுகொள்வர்.

எந்தப் படியைக் காட்டுவது என்பதிலும் சிறிது கவனம் வேண்டும். தாத்தி தம் படத்தை முடிந்த பொருளாக ஒருபோதும் கருதவில்லை. ‘என் மாமன்’ 1958இல் வெளிவந்து ஒஸ்கார் பரிசு பெற்ற பின்னரும் அவர் பழைய படத்தை மறக்கவில்லை. 1962இல் இசையைப் புதிதாகப் பதிவு செய்து காட்சிகளையும் திருத்தினார். 1967இல் வெளிவந்த ‘விளையாட்டு நேரம்’ பெரும் பொருளை விழுங்கி அவரைக் கடனில் ஆழ்த்தியது. தம் படங்களின் உரிமையையே அவர் இழக்க நேர்ந்தது. 1978இல், எழுபது வயதில், மீண்டும் சென் மார்க் கடற்கரைக்குச் சென்று புதிய காட்சி ஒன்றைப் படம் பிடித்தார். ஊலோவின் வள்ளம் நடுவே முறிந்து இரு பகுதியும் சுறாவின் வாய் போல மடிய, கரையில் நின்றோர் அலறி ஓடுவதாக அக்காட்சி அமைந்தது. 1975இல் வெளிவந்த அமெரிக்கச் சுறாப் படம் அதற்குத் தூண்டுதல். 1982இல் தாத்தி மறைந்தார். 2009இற் செப்பனிடப்பட்டு இன்று பரவலாகக் கிடைப்பது 1978ஆம் ஆண்டுப் படியே. அதன் இறுதியில், வெறிச்சோடிய கடற்கரை அசைவற்று ஓர் அஞ்சலட்டையாக மாற, கறுப்பு வெள்ளைப் படத்தின் மூலையில் ஒரு தபால் முத்திரை மட்டும் வண்ணத்தோடு வந்து ஒட்டிக்கொள்கின்றது.